நாய் மறைச்ச குஞ்சம்

பழைய போட்டாவுல இருக்க ஸ்காட்லாந்து சிப்பாய் எந்தப் படைன்னு உடுப்ப வச்சுச் சொல்ற சோலியில, பேரக் கல்லுல வெட்டக் குடுத்ததுக்கப்புறம் வர்ற இன்னொரு போட்டா மாதிரி பயங்கரம் எதுவும் கெடையாது.

வாட்சப்புல வந்த தாத்தா

எனக்குப் போடியில ஸ்டூடியோவுல வேலை, படை கண்டுபுடிக்கிறது பேஸ்புக்குல பழகுன பொழுதுபோக்கு. பாஸ்போர்ட் சைஸ் வெட்டிக்கிட்டு இருக்கேன், ஏலக்கா எஸ்டேட்டு சூப்பர்வைசரு அண்ணே ஒரு போட்டா அனுப்புறாரு. அவுக எஸ்டேட்டுல பொதைச்சிருக்க வெள்ளக்காரரு. அவரு பேத்தி ஸ்காட்லாந்துல இருந்து நாளைக்கு வருது. அதுக்காகக் கல்லறைக்குப் புதுக் கல்லு, அதுல அவரு படைப் பேரு. முன்னாடி அவரு அனுப்புன வேறொரு போட்டாவப் பாத்துப் பேரச் சொன்னது நாந்தான்!

இன்னைக்கு வந்த போட்டாவுல வெள்ளக்காரரு நிக்கிறாரு. இடுப்புப் பையில ரெண்டு நீளக் குஞ்சம் தொங்குது. நான் சொன்ன படைக்குக் குட்டியா அஞ்சு குஞ்சம்ல இருக்கணும்? கத்தரி எங்கிட்டோ ஓடிருச்சு. எதுக்க நின்ன கஸ்டமரு போட்டாவ எடுத்துப் பாத்தாரு.

"ஏத்தா, என் தாடை எங்க?"

மஞ்சக் கோடு

மொத போட்டாவுல ஒக்காந்து மடியில நாய வச்சிருந்தாரு. பை தெரியல, தொப்பியும் இல்ல. அந்த ஊரு சிப்பாயிக கட்டுற பாவாடையோட கட்டத்த மட்டும் பாத்தேன். அஞ்சு குஞ்சப் படைக்கும் ரெண்டு குஞ்சப் படைக்கும் அதே கரும்பச்சைக் கட்டந்தான், ரெண்டு குஞ்சக்காரங்களுக்கு மட்டும் மஞ்சக் கோடு ஓடும். போட்டாவுல கோட்டக் காணோம். கோடில்லாத படைதான்னு துள்ளிக் குதிச்சுச் சொல்லிட்டேன். அந்தக் காலத்து பிலிம்ல மஞ்சளு கருப்பாத்தான் விழும்! இதையே போன மாசம் பேஸ்புக்குல ஒருத்தருக்குப் பாடம் எடுத்தவ நானு.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பேத்தியம்மாவுக்கே எந்தப் படைன்னு தெரியாது. நீ ஏன் பாப்பா வாயத் தெறக்குற?"

சிலமலை பஸ்சு

பேசாம இருந்திருக்கலாம். ஆனா அந்தம்மா தாத்தாவப் பாத்ததே இல்ல. கல்லுல இருக்கறதத்தான் ஊர்ல போய்ச் சொல்லும், அதுக்குப் பேரம்பேத்தி வரைக்கும் அதுவே நெசமாயிரும். பஸ்சு ஏறி, பட்டறை இருக்க சிலமலை வர்ற வரைக்கும் கல்லு வெட்டுற அண்ணனுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன். எடுக்கல.

எறங்கி ஓடுனா, பேர முழுசா வெட்டி, வெள்ளப் பெயிண்டும் அடிச்சுக் காயப் போட்டிருக்காரு. பேரு தப்புன்னு சொல்லி அழுதுட்டேன். அவரு திட்டவே இல்ல, அது இன்னும் பயமா இருந்துச்சு. எழுத்துக்குள்ள வெரல விட்டு ஆழம் பாத்தாரு.

"தேய்ச்சு எடுத்துறலாம் ஆத்தா. ஒரு தடவ தாங்கும்."

பேப்பருல எழுதுற நேரம்

மெஷினு ஓடுச்சு, அந்த வரி மாவாப் பறந்துச்சு. கல்லுல இப்ப வழவழன்னு ஒரு பள்ளம். புதுப் பேர நான் எழுதிக் குடுக்கணும். பேனா நிக்க மாட்டேங்குது. போட்டாவப் பெருசு பண்ணிப் பாக்குறேன், பெருசாக்க ஆக்கப் புள்ளிபுள்ளியாப் போகுது. ரெண்டாவது குஞ்சம் குஞ்சந்தானா, நெழலா? அண்ணே உளியக் கையில வச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்தாரு.

"வெரசா எழுது ஆத்தா. இதும் தப்புன்னா அடுத்துத் தேய்க்கக் கல்லு இல்ல."

மஞ்சக் கோட்டுப் படைப் பேரையே எழுதிக் குடுத்தேன், கல்லு ஜீப்புல மலையேறிப் போயிருச்சு, நான் மட்டும் இன்னும் ஒண்ணு ரெண்டுன்னு குஞ்சத்த எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சாப் போதும்ங்கிற சோலிக்கு இம்புட்டு நடுக்கம் ஆகாதுய்யா.