படாமல் சுட ஒரு ஸ்கோப்

எல்லோரும் குறி பார்த்து அடிப்பதற்குத்தான் துப்பாக்கிமேல் மாட்டும் ஸ்கோப் வாங்குவார்கள். எதன்மேலும் பட்டுவிடக் கூடாதே என்று ஸ்கோப் தேடி அலைந்தவன் நான்.

செஞ்சிக் கோட்டை மலையை ஒட்டி எங்கள் மல்லாட்டை நிலம். வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மலையிலிருந்து குரங்குகள் இறங்கிவந்து செடியோடு பிடுங்கும், பருப்பைத் தின்னும், ஓட்டை என் பக்கமே வீசும். பயமுறுத்தப் பழைய சேலை கட்டினேன். அதில் ஊஞ்சலாடின. வயிற்றெரிச்சல் தாங்காமல் ஏர்கன் வாங்கப்போவதாக வீட்டில் சொன்னேன்.

நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். வாசலில் எறும்பு போனால் சுற்றிக்கொண்டு நடப்பவள் என் மனைவி.

"இன்னாங்க, துப்பாக்கியா? ஒரு உசுருக்கு அடிபட்டுச்சு, இந்த வூட்ல அடுப்பு எரியாது. சொல்லிட்டேன்."

"குரங்க யாரு சுடப்போறா? வேப்பமரத்துல தகரத்தட்டு கட்டி அத்தச் சுடுவேன். சத்தத்துக்கு ஓடிடும்."

"தட்டுமேலதான் படும்னு இன்னா நிச்சயம்?"

அந்த நிச்சயத்துக்காகத்தான் ஸ்கோப். அவள் அடுப்பை அணைத்தால் அணைத்ததுதான். எனக்கு விளைச்சலும் வேண்டும், சோறும் வேண்டும்.

சென்னையில் கடைக்காரர் கேட்டார், "எத சார் அடிக்கப்போறீங்க?"

"தட்ட."

"போட்டிக்கா?"

"இல்ல. பக்கத்துல குரங்கு இருக்கும். அதுமேல பட்டுடக் கூடாது."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கைக்குக் கிடைத்ததை மாட்டிக் கொடுத்தார்.

ஏர்கன் ஸ்பிரிங் உதறிய உதறலில் அந்த ஸ்கோப் ஆட்டம் கண்டுவிட்டது. உள்ளே தெரியும் கூட்டல் குறி நினைத்த பக்கம் நகர்ந்தது. தட்டைப் பார்த்துச் சுட்டால் பம்புசெட் குழாய் ஓட்டை. அடுத்தது என் மனைவியின் புதுக் குடம். குரங்குகள் விழுந்தடித்து மலையேறின. நானும் அவற்றோடு ஏறியிருக்கலாம், அவள் முகம் அப்படி இருந்தது.

கடைக்குப் போய் மாற்றினேன். இந்த முறை வேட்டைத் துப்பாக்கிக்கென்றே செய்த பெரிய சரக்கு. வரப்பில் நின்றபடியே கோட்டையின் ராஜகிரி உச்சியில் செங்கல்லைப் பார்க்க முடிந்தது. அங்கே செல்பி எடுத்தவனின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, அதுவும் தெரிந்தது. என் வேப்பமரம் மட்டும் கீரைக் கடைசல் மாதிரி கலங்கிக் கிடந்தது. தூரத்து மானுக்கு உண்டானது சார், கிட்டக்கத் தெரியாது என்றார் கடைக்காரர். இந்த அறிவு எனக்குக் கொடுக்கும்போது எங்கே போயிருந்ததோ.

மூன்றாவதாக வந்ததுதான் ஸ்கோப். ஏர்கன் உதறலைத் தாங்கும். முன்வளையத்தைத் திருகினால் பக்கத்தில் இருப்பதும் பளிச்சென்று தெரியும். சுட்டதெல்லாம் தட்டில். டங், டங். மனைவி தானே வந்து நின்று பார்த்துவிட்டு அன்று பாயசம் வைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குரங்குகள் முதலில் மலை வரைக்கும் ஓடின. பிறகு மரத்தை விட்டு மட்டும் நகர்ந்தன. அப்புறம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டன. பழைய ஸ்கோப் இருந்தவரை குண்டு எங்கே வருமென்று எனக்கே தெரியாது, அதனால் பயந்தன. இப்போது தட்டைத் தவிர இவன் எதையும் தொட மாட்டான் என்று கூட்டத்துக்கே தெரிந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் பெரிய கடுவன் குரங்கு தட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து சாவகாசமாக உரித்துக்கொண்டிருந்தது. ஆத்திரத்தில் கூட்டல் குறியை அதன் நெற்றியில் வைத்துவிட்டேன். ஸ்கோப் நல்ல ஸ்கோப். பல்லிடுக்கில் ஒட்டியிருந்த சிவப்புத் தோல் வரை தெரிந்தது. குறியை மேலே ஏற்றித் தட்டைச் சுட்டேன். அது அடுத்த காயை எடுத்தது.

"சாப்ட வாங்க, பொழுது சாயப்போவுது" என்று நிலத்தை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. அடுப்பு எரிந்திருந்தது. இலையில் சோறு விழுந்ததும், தொட்டுக்கொள்ள மல்லாட்டைத் துவையல் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அத்த அதுங்ககிட்டதான் கேக்கணும்" என்றாள்.