பால் பொங்குமுன் வந்த ஓடர்

கண்டி நகரத்து அச்சகம் ஒன்றில்தான் வடிவமைப்பு வேலையைத் தொடங்கினேன். கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், டியூஷன் வகுப்புப் பதாகை எல்லாம் செய்தேன். மகள் பிறந்ததும் விட்டுவிட்டேன். பிறகு பேராதனையில் எங்கள் வாடகை வீட்டிலிருந்தே, அவள் தூங்கும் நேரத்தில் மடிகணினியைத் திறந்து, கேட்பவர்களுக்குச் செய்துகொடுக்க ஆரம்பித்தேன்.

ஒரு வேலை முடிந்துவிட்டது என்று என்னால் எளிதில் நம்ப முடியாது. நீலத்தில் அனுப்பிய பிறகு பச்சைதான் சரியோ என்று தோன்றும், அதையும் அனுப்புவேன். என் திரையில் அழகாகத் தெரிந்தாலும் போதாது. கணவரின் பழைய போனில், கண்ணாடி வெடித்த அந்தப் போனில், முற்றத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். எங்கள் பக்கத்தில் பலர் பஸ்ஸில் நின்றபடி அப்படித்தான் பார்க்கிறார்கள்.

கம்பளையில் கறித்தூள் அரைத்து விற்கும் ஓர் அக்கா, தன் கடைக்கு இணையத்தளம் கேட்டார். எனக்கு அதுதான் முதல் முழு இணையத்தளம். அதே வாரம் அச்சக முதலாளியும் திரும்ப வரச் சொல்லியிருந்தார். போனால் மகளை டே கெயாரில் விட வேண்டும். அக்காவின் வேலை சரிவந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "புதுக் கடை தொறக்கிற மாதிரி தானேம்மா இதுவும்? ராகு காலம் கழிஞ்சு, பால் பொங்க வச்சிட்டுத்தான் தொறக்கணும்."

திறப்பு நாளன்று மகளையும் தூக்கிக்கொண்டு அக்காவின் கடைக்குப் போனேன். மேசையில் மடிகணினிக்குக் குங்குமப் பொட்டு வைத்து, பக்கத்தில் கேஸ் குக்கர் அடுப்பில் புதுப் பானையை ஏற்றியிருந்தார். கடையில் சிக்னல் சரியாக இருக்காதோ என்ற பயத்தில், காலையில் வீட்டிலேயே, அக்காவிடம் சொல்லாமல், தளத்தை இணையத்தில் திறந்து வைத்திருந்தேன். பால் பொங்கியதும் அக்கா சடங்குக்கு விரலால் ஒரு பட்டனைத் தொட்டால் போதும் என்று ஏற்பாடு.

பால் ஆடைகூடக் கட்டவில்லை. அக்காவின் போன் மணியடித்தது. தளத்தில் யாரோ தூள் கேட்டு ஓடர் போட்டிருந்தார்கள்.

"யாரும்மா இது? இன்னும் ராகு காலம் முடியலையே!"

போனை வாங்கிப் பெயரைப் பார்த்தேன். என் கணவர். காலையில் அவரிடம் மட்டும் முகவரியைக் கொடுத்திருந்தேன். முதல் ஓடர் தன்னுடையதாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார். நான் தளத்தை முன்பே திறந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது. மகள் என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

அக்கா என்னையே பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "புருஷன் வாங்குறது வியாபாரமா? அது வீட்டுச் சாமான். அவர்கிட்ட சொல்லு, இதெல்லாம் கணக்குல வராதுன்னு. பாலைப் பாரு, பாலைப் பாரு!"

பால் பொங்கியது. அக்கா பட்டனைத் தொட்டார். காத்திருந்தோம். ஒருவரும் வாங்கவில்லை. பால் சோறு சாப்பிட்டோம்; மகள் மல்லி மூட்டை மேலேயே தூங்கிப்போனாள். நான் மட்டும், எழுத்து சிறிதாகிவிட்டதோ, படம் மங்கலோ என்று போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

பின்னேரம் அட்டனில் இருந்து ஒருவர் தளத்தில் மிளகாய்த்தூள் கேட்டார். அக்காவுக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. அதுதான் அக்காவுக்குச் சந்தோஷம்.

"தூள் அடைக்கிற பக்கெட் கவரையும் நீயே மாத்திக் குடு. தீவாளிக்கு முன்னுக்கு வேணும். புள்ளையைப் பாத்துக்கிட்டு மெதுவா செய்," என்றார்.

பேராதனைக்கு வரும் பஸ்ஸில் அச்சக முதலாளிக்கு, வரமுடியாது என்று செய்தி அனுப்பினேன். மிகவும் வெட்டிச் சொல்லிவிட்டேனோ என்று பட்டது. அவர் எனக்கு நல்லதுதான் செய்தவர். வீட்டு வாசலில் நின்று, மகளைத் தோளில் போட்டபடி, நன்றி சொல்லி இன்னொன்றை நீளமாக எழுதினேன். முடிவை மட்டும் மாற்றவில்லை.