நாலு பேர் உட்கார்ந்த பெட்டி

பெட்டிக்காரர் என்றால் எந்தப் பெட்டி என்று ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் துரைமார்களுக்குச் சவப்பெட்டி செய்வது அவர் வேலை. ஆள வந்தவர்கள் இந்த வெயிலில் திடீர் திடீரென்று செத்துப்போனார்கள். அதனால் எந்நேரமும் ஒரு பெட்டி மூடியோடு தயாராக இருக்க வேண்டும், அதுவும் ஆறரை அடி நீளத்தில், என்பது ஆபீஸ் உத்தரவு. நெட்டையானவர் செத்தாலும் குட்டையானவர் செத்தாலும் அதற்குள் அடங்கிவிடலாம்.

அவருக்கு ஒரே மகள். அவளை எப்படியாவது நாலு எழுத்து படிக்க வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே காலமெல்லாம் கைநாட்டு வைத்தவருக்கு அந்த வெறி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஏழைப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று சர்க்கார் பெரிய மனது பண்ணி உத்தரவு போட்டிருந்தது. தரையில் உட்காரும் பிள்ளை கணக்கில் வராது என்றும் அதிலேயே போட்டிருந்தது. பெஞ்சுகளோ சம்பளம் கட்டும் பிள்ளைகளுக்கே போதவில்லை. தலைமை ஆசிரியர் நல்ல மனிதர், யாரையும் முடியாது என்று சொல்ல மாட்டார்.

"தாராளமா சேர்த்துக்கறேன். உட்கார ஒரு ஆசனம் மட்டும் நீங்களே கொண்டு வந்துடுங்க."

கொட்டகையில் கிடந்த பலகை ஒவ்வொன்றிலும் சர்க்கார் முத்திரை. சொந்தப் பலகை வாங்க வக்கில்லை. பெட்டிக்காரர் யோசித்து யோசித்துப் பார்த்தார். ஒரு நாள் காலையில் தயாராக இருந்த பெட்டியைச் சாக்கால் போர்த்தி, கைவண்டியில் தள்ளிக்கொண்டு போய் வகுப்பின் கடைசியில் இறக்கிவிட்டார். தலைமை ஆசிரியர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆசனம் வேண்டும் என்றுதான் உத்தரவில் இருந்தது, என்ன ஆசனம் என்று இல்லை. மகளைச் சேர்த்துக்கொண்டார்.

அவ்வளவு நீளத்தில் ஒரு குழந்தை மட்டும் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? ஆபீஸ் பியூனின் மகனும், கல் உடைக்கிறவர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

யாராவது துரை போய்விட்டால் பெட்டியும் கூடவே போய்விடும். அடுத்தது முடியும்வரை நாலு பேருக்கும் படிப்பு இல்லை. ஆகவே துரைமார்களின் உடம்பைப் பற்றிப் பெட்டிக்காரர் வீட்டில் விசாரித்த அளவுக்கு அவர்களுடைய சொந்தக்காரர்கள்கூட விசாரித்திருக்க மாட்டார்கள். அதிலும் பெரிய துரைக்கு நெஞ்சுச்சளி.

"இருமல் எப்படிங்க இருக்கு அவருக்கு?" என்று மனைவி கேட்பாள்.

"நேத்து எழுந்து உட்கார்ந்தாராம்."

"பரீட்சை முடியறவரைக்கும் நல்லா இருக்கட்டும் மகராசன்."

இவர்கள் விசாரிப்பது ஆபீஸ் குமாஸ்தாவின் காதுக்கு எட்டியது. இதல்லவா ராஜ விசுவாசம் என்று பெரிய துரையிடமே போய்ச் சொன்னார். துரைக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

மகராசன் பரீட்சையன்று விடியற்காலையில் கண்ணை மூடினார்.

பரீட்சை நடத்தும் இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். அன்று ஆசனம் இல்லாத பிள்ளை எழுத முடியாது. எழுதாத பிள்ளையின் பெயரை அடித்துவிடுவார்கள். காலையில் பரீட்சை, அதே காலையில் அடக்கம்.

வேலையில் அவர் ஒரு நாளும் சாக்குச் சொன்னதில்லை. பெட்டியைக் கேட்டு வந்த பியூனிடம், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வார்னிஷ் இன்னும் காயலை."

பெட்டி எங்கே இருக்கிறது என்று பியூனுக்குத் தெரியும். அதன் மேல் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவன் அவர் பெற்ற பிள்ளை.

"எப்போ காயும்ணே?"

"இன்ஸ்பெக்டர் எழுந்திரிச்சா காயும்."

பியூன் ஆபீசுக்குப் போய், காற்றில் ஈரம் ஜாஸ்தி, மத்தியானம் தாண்டிவிடும் என்று சொன்னார். வெளியே மண்டை பிளக்கும் வெயில். கறுப்புக் கோட்டு போட்ட கனவான்கள் கல்லறை வாசலில் வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் நாலு பேர் பேனாவை மையில் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்காரர் ஜன்னலுக்கு வெளியே கைவண்டியைப் பிடித்தபடி நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் கொஞ்சம் திமிராக இருந்தது.

மணி அடித்ததும் பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போனது. குமாஸ்தா சந்தேகப் பிராணி. நன்றாகக் காய்ந்ததா என்று மூடியைத் தொட்டுப் பார்த்தார். விரலில் நீலமாக ஒட்டியது. நீல வார்னிஷ் எந்தச் சீமையிலும் கிடையாது.

மறுநாளே வேலை போயிற்று. எத்தனை மிரட்டியும் பியூனைப் பற்றிப் பெட்டிக்காரர் மூச்சு விடவில்லை. கொட்டகைக்கு வேறு தச்சர் வந்தார், பெட்டிக்குப் பூட்டு வந்தது. பரீட்சையில் நாலு பேரும் தேறியிருந்தார்கள். தலைமை ஆசிரியர் மாறாத நல்ல மனதோடு சொல்லியனுப்பினார்: "ரொம்ப சந்தோஷம். மேல் வகுப்புக்கு ஆசனம் எப்போ வரும்?"

கொட்டகையிலிருந்து பெட்டிக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஒரே பெரிய சாமான், மரத்தைக் கிடத்தி இழைக்கிற மேசை. அவருடைய அப்பா செய்தது, சர்க்கார் முத்திரை இல்லாதது. அதை வைத்து ஊரில் கதவு, ஜன்னல் செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் அவர் அதைக் கவிழ்த்துப் போட்டு, காலில் ரம்பத்தை வைத்தார்.

"இதையும் அறுத்துட்டா எதை வச்சுங்க பிழைக்கறது?" என்றாள் மனைவி.

"உயரம் ஜாஸ்தி. புள்ளைங்களுக்குக் கால் தரையில எட்டணும்ல."

அவள் உட்கார்ந்து, மேசை ஆடாமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.