ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

கோப்பாயில் எங்கள் வீட்டில் முதல்நாள் காலை என்னை எழுப்பிய குரல், டென்மார்க்கில் என் வீட்டுக்கு இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளிக் குடியிருப்பவருடையது. இரண்டு விமானம், ஒரு ரயில், ஒரு ஓட்டோ என்று மாறிமாறி வந்து, உடம்பெல்லாம் நோகப் படுத்தவன் நான். கிணற்றடியில் தண்ணீர்ப் பம்ப் இரைகிறது. அதையும் மீறிக்கொண்டு அந்த மனிதர் கதைக்கிறார். ஒரு கணம், ஊருக்கு வந்தது கனவோ, இன்னும் அங்கேதான் கிடக்கிறேனோ என்று குழம்பிப்போனேன். எழும்பிப் போய்ப் பார்த்தால், அண்ணை தன் ஃபோனைச் சொப்பிங் பைக்குள் போட்டுப் பூவரசங் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கீழே வெங்காயத் தறையில் நின்று ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் மாறியபடியே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"எழும்பிட்டியே தம்பி? உவரை உனக்குத் தெரியும்தானே. உங்கடை ஊர்ப் பக்கம்தான் இருக்கிறாராம்."

தெரியாமல் என்ன. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கமராவுக்கு முன்னால் இடையில் தண்ணீர் குடிக்காமல் பத்து நிமிடம் கதைத்தால் அவருக்கு 'அரசியல் ஆய்வாளர்' என்று பட்டம் கட்டிவிடுவோம். இந்த ஆய்வாளர் பகலில் தளபாடக் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்குகிறார். மாலையில் தன் வீட்டு வரவேற்பறையில் யூடியூப்புக்காகக் கதைக்கிறார். அவருக்குப் பின்னால் தெரியும் கோவில் கோபுரம் ஒரு துணிப் படம். அதைச் சுவரில் ஒட்டிய அன்று கதிரையில் ஏறி நின்று ஒரு முனையைப் பிடித்தவன் நான்தான். அவருடைய முதல் வீடியோவை அண்ணைக்கு அனுப்பியவனும் நான்தான். வெளிநாட்டிலிருந்து வந்து கோவிலில் மோதிரம் காட்டித் திரிகிறவர்களைப் பற்றி நல்ல பகிடியாகக் கதைத்திருந்தார். 'பார்த்துச் சிரியுங்கோ' என்று எழுதி அனுப்பினேன். அண்ணை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது, பார்ப்பது நிற்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. அது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெள்ளிக்கிழமை காலையில் அண்ணை இறைக்கிறார் என்றால் ஏதோ பிழை நடந்திருக்கிறது.

எங்கள் கிணறு பங்குக் கிணறு. பாதி எங்களுக்கு, பாதி வேலிக்கு அங்கால் இருக்கும் எபி அண்ணை குடும்பத்துக்கு. எபநேசர் என்பது முழுப்பெயர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த வேதக்காரக் குடும்பம். எங்கள் அண்ணையும் அவரும் ஒரே வயது, ஒரே சைக்கிளில் திரிந்தவர்கள். யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. அதன்படி வெள்ளிக்கிழமைக் காலை எங்களுடையது, ஞாயிற்றுக்கிழமைக் காலை அவர்களுடையது. எழுதிய நொத்தாரிசுக்கு எந்தச் சாமியைப் பற்றியும் கவலை இருக்கவில்லைப் போலும். எங்களுக்கு வெள்ளி கோவில், அவர்களுக்கு ஞாயிறு ஆராதனை. அப்பாவும் எபி அண்ணையின் தகப்பனும் வேலியடியில் நின்று கதைத்து நாளை மாற்றிக்கொண்டார்கள். வெள்ளி அவர்கள் இறைப்பார்கள், ஞாயிறு நாங்கள் இறைப்போம். ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதவில்லை. இடம்பெயர்ந்து ஊரே காலியாகி, திரும்பி வந்து கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய பிறகும் அதே மாற்று அப்படியே நடந்தது. ஞாயிறு எபி அண்ணைதான் தேவாலயத்தில் மணி அடிப்பவர். முதல் மணி கேட்கும்போது வடக்குப் பக்கப் பாத்திகள் முடிந்திருக்க வேண்டும் என்பது அண்ணையின் கணக்கு. பிந்தினால் "உவன் இண்டைக்கு வெள்ளண அடிச்சிட்டான்" என்று மணிக்காரரைத்தான் பேசுவார்.

நான் வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன் அண்ணை அலுமாரியிலிருந்து உறுதியை எடுத்திருக்கிறார். இனி எழுதியிருக்கிறபடி நடப்போம் என்று எபி அண்ணையிடம் சொல்லியும் விட்டார். காரணம் கேட்டேன். ஆய்வாளர் சொன்ன வசனத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னார்: "இரக்கப்பட்டு விட்டுக்குடுத்தது நாளைக்கு உரிமையாகும், தம்பி. வேதக்காரர் ஒவ்வொண்டாத்தான் பிடிப்பினம்."

அது எனக்குத் தெரிந்த வசனம். டேனிஷ் மொழியில் கேட்டிருக்கிறேன்.

நான் வேலை செய்யும் இறைச்சித் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் ரேடியோ எப்போதும் போட்டபடியே இருக்கும். மத்தியானத்தில் ஒருவர் வந்து கதைப்பார். பத்திரிகைகள் அவரை வலதுசாரி விமர்சகர் என்று எழுதும். ஆனால் எங்கள் மேசையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பெயர் சொல்லி, சொந்தக்காரரைப் போலத்தான் கூப்பிடுவார்கள். அந்த மனிதர் ஒருநாளும் தேர்தலில் நின்றதில்லை. ஆனால் அவர் திங்கட்கிழமை சொன்னதை வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கட்சி தன் சுவரொட்டியில் அடித்து ஒட்டியிருக்கும். 'இரக்கப்பட்டு இடம் கொடுத்தோம், இப்போது உரிமை கேட்கிறார்கள்' என்று ஒரு நாள் சொன்னார். களஞ்சியத்திலும் அதே ரேடியோதான். பெட்டி அடுக்கிக்கொண்டே எங்கள் ஆய்வாளரும் அதைக் கேட்டிருக்க வேண்டும். அன்று மாலையே துணிக் கோபுரத்துக்கு முன்னால் இருந்துகொண்டு அதைத் தமிழில் சொன்னார். தனக்கு எறிந்த கல்லைக் கையால் பிடித்துக் கோப்பாய்க்கு எறிந்தார். அது எபி அண்ணையில் வந்து விழுந்திருக்கிறது.

என் மேசைக்காரர் யென்ஸ். நல்ல மனிதர். என் மகளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர். ரேடியோ அந்தப் பேச்சுப் பேசும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி, "உன்னைச் சொல்லவில்லை" என்பார். "தெரியும்" என்று நானும் சிரிப்பேன். இந்த முறை விடுமுறைக்குப் போகும்போது "மூன்று கிழமை வீட்டுக்குப் போகிறேன்" என்றேன். "நல்லது, எல்லாரும் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும்" என்றார். அன்பாகச் சொல்கிறார் என்று நன்றி சொன்னேன். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் நினைவு வந்தது, அதுவும் ரேடியோக்காரரின் வசனம். யென்ஸுக்கே அது தெரிந்திருக்குமோ என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சரி, அங்கே என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இங்கே முடியும் என்று நினைத்தேன். என்ரை வீடு, என்ரை அண்ணை, கோபுரத் துணியைப் பிடித்த கையும் என்னுடையது. விடுமுறை முடிவதற்குள் எபி அண்ணைக்கு அந்த ஞாயிறைத் திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போவது என்று முடிவெடுத்தேன். அவ்வளவு மொக்கன் நான்.

மத்தியானம் சாப்பிட இருந்தபோது அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபுரம் துணி என்றேன். ஆளுக்கு அங்கே நிரந்தர விசா மறுத்துவிட்டார்கள், அந்தக் கடிதத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தவனே நான், 'எங்களைப் பற்றி ரேடியோவிலை எவ்வளவு கேவலமாக் கதைக்கிறாங்கள் பாத்தனீங்களே' என்று என் வீட்டுக் கதிரையில் இருந்து கண் கலங்கினவர் அவர் என்றேன். அண்ணை சோற்றைக் குழைப்பதை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டார். ஏறுகிறது என்று எனக்குச் சந்தோஷம்.

"பாரன்," என்றார் அண்ணியிடம். "அந்த மனுசன் அவ்வளவு கஷ்டத்துக்குள்ளையும் எங்களுக்காகக் கதைக்குது."

அண்ணி எனக்கு இன்னும் ஒரு கரண்டி கத்தரிக்காய்க் கறி போட்டாள். "தம்பி, இவரோடை கதைச்சு வேலையில்லை. நான் இப்ப வெள்ளிக்கிழமையிலை தனியத்தான் கோயிலுக்குப் போறன். இவருக்கு இறைப்பு. ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கிறார்." அண்ணைக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. தன் வெள்ளிக்கிழமையையும் சேர்த்துத்தான் தொலைத்திருக்கிறார் மனிதர்.

பிரதேச சபைத் தேர்தலுக்கென்று ஒரு புதிய அணி கிளம்பியிருந்தது. ஆய்வாளர் அதில் உறுப்பினர் இல்லை, ஆனால் அவர் வாய் திறக்காமல் அவர்கள் ஒரு கூட்டமும் வைப்பதில்லை. அண்ணை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வீடுகளுக்கு அவர்களின் பொறுப்பாளர். பின்னேரம் எபி அண்ணை வேலியடிக்கு வந்தபோது அண்ணையின் கையில் அவர்களின் துண்டுப் பிரசுரக் கட்டு இருந்தது.

"ஞானம், ஒரு கதை," என்றார் எபி அண்ணை. "ஞாயிறு இறைப்பை மட்டும் முந்தியைப் போலை நீயே எடு. வேறை எந்த நாள் எண்டாலும் நான் மாறுறன். விடியக் கிணத்திலை கிடக்கிற தண்ணி வெயிலுக்கு முதல் முடிஞ்சிடுது. விட்டால் வெங்காயம் வாடும், நிண்டால் கோயிலுக்குப் போகேலாது."

"உறுதியிலை இருக்கிறதைத்தானே எபி செய்யிறன். ஒரு அங்குலம் கூடக் கேட்டனே?"

"நீ கேக்கேல்லை. நோட்டீசிலை எங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கெண்டு பாத்தனி தானே."

அண்ணைக்கு முகம் வாடியது. உண்மையாகவே வருந்தினார், அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். வேலிக்கு மேலால் கையை நீட்டி எபி அண்ணையின் தோளைத் தொட்டார். "சீச்சீ, உன்னைச் சொல்லேல்லையடா. அது பொதுவா எழுதினது."

"ஓம், தெரியும்," என்று எபி அண்ணை சிரித்தார்.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு மத்தியானமும் நான் சிரிக்கும் சிரிப்பு அது. வெளியே இருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்டேன். வெட்கமாக இருந்தது. யாருக்காக வெட்கப்பட்டேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்றே ஆய்வாளருக்கு எழுதினேன். கிணறு, உறுதி, வெள்ளி, ஞாயிறு, எபி அண்ணை அடிக்கும் மணி என்று எல்லாம் விவரமாக எழுதி, 'நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அண்ணை கேட்பார்' என்று கெஞ்சினேன். குரல் பதிவாகப் பதில் வந்தது, பின்னால் களஞ்சியச் சத்தம். "அண்ணை, நான் உங்கடை கிணத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே. பொதுவா ஒரு கருத்துச் சொன்னன், அவ்வளவுதான். ஆரும் அதை எடுத்துத் தங்கடை வீட்டிலை கொண்டுபோய் வைச்சால் நான் என்ன செய்யிறது?" பிறகு என் சுகம் விசாரித்தார். ஊரிலிருந்து வரும்போது அரைக் கிலோ மிளகாய்த்தூள் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பூவரசங் கிளையிலிருந்து புதிய வீடியோ கேட்டது. ஆய்வாளர் நிதானமாகச் சொன்னார்: "கோப்பாயிலை ஒரு விவசாயி உறுதியைக் கையிலை எடுத்திட்டார். தண்ணியிலை இருந்து தொடங்கியிருக்கிறார். எனக்கு அங்கையிருந்து ஒருத்தர் எழுதியிருக்கிறார்." பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கிணறு, வெள்ளி, ஞாயிறு, மணி எல்லாம் இருந்தது, நான் எழுதிய ஒழுங்கிலேயே. கெஞ்சினது மட்டும் இருக்கவில்லை.

அண்ணை மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கையெல்லாம் சேறு. "நீயே எழுதினனீ? எனக்குச் சொல்லாமலே எழுதினியே." அழுதார். அப்பா செத்த அன்றுதான் இதற்கு முன் அவர் அழுது பார்த்தது. அணிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அண்ணைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், எனக்கும் ஒன்று. "வெளிநாட்டிலை இருந்தும் மண்ணை மறக்காத பிள்ளை" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வாயைத் திறந்தேன். அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். பொன்னாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். இனி அந்த ஞாயிறை எந்த முகத்தோடு அண்ணை திருப்பிக் கொடுப்பார்? விட்டிருந்தால் இரண்டு மாதத்தில் அலுத்துப்போய் அவரே மாற்றியிருப்பாரோ என்னவோ. நான்தான் அதை ஊர் பார்க்கக் கொடிமரத்தில் ஏற்றிவிட்டேன்.

கடைசி ஞாயிறு விடிய எபி அண்ணையின் தறைக்குப் போனேன். மண்வெட்டியைத் தாருங்கோ, நான் தண்ணி மாறுறன், நீங்கள் கோயிலுக்குப் போங்கோ என்றேன். வீடியோவைப் பற்றிச் சொல்லவும் வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"நீ செவ்வாய்க்கிழமை போயிடுவாய். வாற ஞாயிறு ஆர் மாறுறது?" என்றார். "உன்னிலை எனக்குக் கோவமில்லையடா. போய்த் தேத்தண்ணி குடி."

மண்வெட்டியைத் தரவில்லை. நான் வரம்பில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் மணி கேட்டது. அடித்தவருக்குக் கை பழகவில்லை, விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல் விழுந்தது. எபி அண்ணை நிமிர்ந்து, அது முடியும்வரை மண்வெட்டிப் பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அதற்குள் பாத்தி நிரம்பித் தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு வீணாக ஓடியது. இரண்டு பேரும் பார்த்தோம்.

திரும்பி வந்து வேலைக்குப் போன முதல் மத்தியானம், றூபுறோட் என்ற கறுப்புப் பாணை விரித்து வைத்துக்கொண்டு யென்ஸ் வீட்டைப் பற்றி விசாரித்தார். எல்லாரும் சுகம் என்றேன். அண்ணைக்கு வெங்காயம் நல்ல விளைச்சலா என்றும் கேட்டார், ஞாபகம் வைத்திருக்கிறார். ரேடியோவில் அந்த மனிதர் கதைக்கத் தொடங்கினார். யென்ஸ் வழமைபோல என் பக்கம் திரும்பி, என் தோளைத் தொட்டு, "உன்னைச் சொல்லவில்லை" என்றார்.

"ஓம், தெரியும்," என்றேன். தமிழில்தான் சொல்லியிருக்கிறேன். யென்ஸ் அதைக் கவனிக்கவில்லை. தலையாட்டிவிட்டு வெண்ணெயை என் பக்கம் தள்ளி வைத்தார்.