தங்கராசு வீட்டுச் சுவரின் வெள்ளக்கறை

போன வாரம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு போன் ரிப்பேர் கடையைத் தாண்டும்போது ஈயம் பற்றவைக்கிற புகை மூக்கில் ஏறியது. கால் அங்கேயே நின்றுவிட்டது. எண்பதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நானும் தங்கராசுவும் இந்தப் புகையைத்தான் நாளெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தோம். லாரி எடைமேடைக்குக் கம்ப்யூட்டர் பெட்டி செய்கிற வேலை. அவன் ஒயர் இணைப்பான், நான் புரோகிராம் எழுதுவேன். அதனாலேயே எனக்குப் பெரிய மேதை என்று நினைப்பு, சிரிக்காதீர்கள்.

பெட்டிக்குள் மெமரி கொஞ்சூண்டுதான். ஓடுகிற புரோகிராம் பாதியில் விட்ட வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கிற இடத்துக்கு ஸ்டாக் என்று பெயர். அது அளவு மீறினால் பக்கத்தில் இருக்கிற எடை எண்ணையே அழித்துவிடும். எதுவரை போகிறது என்று அளக்கத் தெரியாமல் நான் முழித்தபோது, பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால் குடும்பத்துப் பையனான அவன்தான் வழி சொன்னான்.

"காவேரி பெருகுனப்ப எங்க ஊட்டுச் சுவத்துல கறை படிஞ்சுது மாப்ள. தண்ணி வடிஞ்சப்புறமும் எதுமுட்டும் ஏறுச்சுன்னு தெரியுதல்ல? அப்படிப் பாரு."

காலி மெமரி முழுக்க ஒரே எண்ணை நிரப்பிவைத்து, புரோகிராமை ஓடவிட்டு, அந்த எண் எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

"ஆனா ஆடியில பாக்கோணும். சித்திரையில பாத்தா சுவரு காஞ்சுதான் கெடக்கும்" என்றான். மேடையில் லாரி ஏற, சீட்டு அச்சாக, பட்டனையும் அழுத்த, எல்லாம் சேர்ந்து நடக்கும்போது அளக்கச் சொன்னான். எனக்கு வெயிலில் எடைமேடை இருக்கிற ஆலைவரை போகச் சோம்பல். கொட்டகையிலேயே, எடை ஏதும் ஏற்றாமல் அளந்தேன். இடம் தாராளமாக மீந்தது.

"லாரியோட பாத்தயா?"

"பாத்தேன்" என்றேன்.

அந்தப் பெட்டி போனது அவன் ஊர்ப்பக்கத்துச் சர்க்கரை ஆலைக்கு. மாட்டியவனும் அவனே. கரும்பு லாரிகள் வரிசைகட்டிய ஒரு காலையில் எடை குறைத்துக் குறைத்துக் காட்டியது. கரும்பெல்லாம் அவன் சொந்தக்காரர்களுடையது. அவன் பெரியப்பா அத்தனை பேர் முன்னால், "ஆலைக்காரங்ககிட்ட வெல போயிட்டயா சாமி?" என்று கேட்டாராம்.

திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தான். "நீதான் பாத்துட்டியே. நாந்தான் ஒயர எங்கியோ தப்பாக் குடுத்திருக்கோணும்" என்றான். நான் பாதியில் விட்ட புரோகிராமுக்குத் திரும்பினேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. ஊருக்குப் போகவும் முகமில்லாமல் வடக்கே போய்விட்டான் என்றார்கள். நான் ஸ்டாக்குக்கு இடத்தைக் கூட்டி, பெட்டியைச் சத்தமில்லாமல் சரிசெய்து வைத்தேன்.

போன் கடை வாசலிலிருந்து அப்படியே பரமத்தி வேலூருக்குப் பஸ் ஏறிவிட்டேன். அந்த வீடு இல்லை, கறை படிந்த சுவரும் இல்லை. மாடிவீடு நிற்கிறது. வெளியே வந்தவன் தங்கராசுவின் அண்ணன் மகன். தங்கராசு பெயரைச் சொன்னேன்.

"அந்த எடை கொறச்ச சித்தப்பாங்களா? அவரு தவறிப்போயி எட்டு வருசமாச்சுங்க" என்றான்.

அது அவன் தப்பில்லை, என் தப்பு என்று சொல்லத்தான் போனேன். "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டான். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.