உதறாத ஆடு

வெட்டுகிறவர் மூன்றாவது செம்புத் தண்ணீரையும் ஊற்றிவிட்டார். ஆடு உதறவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றினால் தேவலை என்பதுபோல் நின்றது.

தண்ணீர் பட்டதும் உடம்பை உதறினால்தான் ஆடு சம்மதித்ததாக அர்த்தம். அம்மன் ஏற்றுக்கொண்டதாகவும் அர்த்தம். அதற்குப் பிறகுதான் அரிவாள்.

"என்னக்கா, ஆடா இது, கல்லா?" என்றார் அவர். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஆட்டின் கயிற்றைப் பிடித்திருந்த இஸ்திரிக்காரம்மா சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷ வேண்டுதல். மூன்று வயது மகள் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னது. மகள் கண் விழித்தாள். அப்புறம் புருஷன் போய்ச் சேர்ந்தான், தள்ளுவண்டி வந்தது, ஊரார் துணியில் சுருக்கம் எடுத்ததில் வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது பலியைத் தடை செய்யப் போகிறார்களாம். இனித் தள்ளிப்போட நாள் இல்லை.

தடை கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர்களில் மகளும் ஒருத்தி. கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற வேலை. பத்து நாளாக வீட்டில் இதே பேச்சு.

"நான் பொழைச்சதுக்கு அது ஏம்மா சாகணும்?"

"வாங்கிக்கிட்டு இல்லேன்னு சொல்லச் சொல்றியா? உன்னைத்தாண்டி வாங்கினேன்."

அப்படியும் மகள் கூட வந்திருந்தாள். "நீ தனியா நின்னு அழுவே" என்று காரணம் சொன்னாள்.

"இதைக் குளிப்பாட்டுவீங்களா?" என்று கேட்டார் வெட்டுகிறவர்.

"தினமும். வெந்நீர்லதான்." சாமிக்குப் போவது அழுக்காகப் போகக் கூடாதென்று ஏழு மாசமாகக் குளிப்பாட்டி, சீப்பால் வாரியும் விட்டிருந்தாள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணியப் பழக்கி விட்டுட்டு, இங்க வந்து உதறுன்னா எப்படிக்கா? ஓட்டிக்கிட்டுப் போங்க. அடுத்தவங்க வரட்டும்."

இஸ்திரிக்காரம்மா மகளின் முழங்கையைப் பிடித்தாள்.

"எப்படி உதற வைக்கிறதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "தெரியும். காதுல ஒரு சொட்டு விட்டாப் போதும்." செம்பை வாங்கிக்கொண்டு ஆட்டின் அருகில் குந்தினாள். "விடட்டுமா? நீ சொன்னா விடறேம்மா."

தினம் நூறு மாட்டுக்கு ஊசி போடுகிற கை ஆட்டின் காதை விரித்துப் பிடித்தது.

"குடு இங்க" என்று அம்மா செம்பைப் பிடுங்கினாள். "அதுவா உதறணும். நாம உதற வெச்சா அது என்ன சம்மதம்?" பிறகு சன்னதியைப் பார்த்து, கொஞ்சம் அதட்டலாகவே சொன்னாள்: "நான் கொண்டாந்துட்டேன். வேணாங்கறது நீ."

மறுநாள் திங்கட்கிழமை. மகள் எட்டு மணி பஸ்ஸில் வேலைக்குப் போனாள். தடை பற்றிய முடிவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனதாகச் சட்டை கொண்டுவந்த ஒருவர் சொன்னார். "அப்படியா" என்றாள் இஸ்திரிக்காரம்மா. ஆடு வண்டிச் சக்கரத்தில் கட்டியிருந்தது. மதியம் லேசாகத் தூறியது; ஆடு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றது. சாயங்காலத்துக்குள் நாற்பத்திரண்டு உருப்படி முடிந்தது.