மாவுக் கைக்கு ஒரு செயலி

அம்மா ஒரு பெரிய கம்பெனியில் மொபைல் செயலிகள் எழுதிக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்குச் செயலி எழுதப்போகிறேன் என்றபோது அப்பா சரி என்றுவிட்டார். மாமாதான் கெடு வைத்தார். அம்மாவின் அண்ணன். சொந்தமாக ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ் வைத்திருந்தார். தங்கை அங்கே வந்து உட்கார வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"ஆறு மாசம் பாரு. ஒரு கடைகூட வாங்கலேன்னா பேசாம என் ஆபீஸுக்கு வந்துடு."

"சரி" என்றாள் அம்மா. சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு.

அவள் போன மாதம் இறந்துவிட்டாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த ஆறாவது மாதம்தான் முதலில் வருகிறது.

அதற்குள் போன கடைகளெல்லாம் கையை விரித்துவிட்டிருந்தன. மிச்சம் ஒரு பேக்கரி. அதற்காக எழுதிய செயலியில், டேப்லெட்டில் அன்றைய ஆர்டர் வரும். எந்த ரொட்டிக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் உப்ப விட வேண்டும் என்று படிப்படியாகக் காட்டும். ஒரு படி முடிந்ததும் பட்டனைத் தொட்டால் அடுத்தது. முதலாளியம்மாவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் "மாஸ்டர் சரின்னா சரி" என்றுவிட்டார்.

அம்மா ஒரு டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு வந்தாள். சில நாளில் ரொட்டி போடும் மாஸ்டர் ஃபோன் செய்தார். "ஏம்மா, நீ கெட்டிக்காரப் பொண்ணுதான். ஆனா இது நமக்கு ஒத்துவராது."

டேப்லெட்டைத் திரும்ப எடுத்துவரப் போன அம்மா, எடுக்கவில்லை. மதியம் முழுக்க மாவு பிசையும் மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

மாஸ்டருக்கு இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை மாவு. ஒவ்வொரு பட்டனுக்கும் கை கழுவிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. முழங்கையால் தொட்டார், பக்கத்துப் பட்டன் பட்டு ஆர்டரே ரத்தானது. பிறகு குனிந்து மூக்கால் தொட்டார். முகம் திரையில் ஒட்டியிருக்கும்போது கண்ணுக்கு எந்தப் பட்டனும் தெரியாது. பன் இருக்க வேண்டிய இடத்தில் பிரெட் வந்தது. போதாததற்கு, திரையில் ஒட்டிய ஈர மாவையும் டேப்லெட் விரல் என்று எண்ணிக்கொண்டது.

"பாத்தியா?" என்றார் மாஸ்டர், மூக்கு நுனியில் மாவோடு.

"பாத்தேன் மாஸ்டர். இன்னும் ரெண்டு நாள் கொடுங்க."

"எனக்கென்னம்மா. என் மூக்குதான் பாவம்."

அம்மா அழகழகாக அடுக்கியிருந்த பட்டன்களையெல்லாம் தூக்கிவிட்டாள். திரை முழுவதும் ஒரே பட்டன். எங்கே தொட்டாலும், எதனால் தொட்டாலும் அடுத்த படி; கூடவே ஒரு மணிச் சத்தம். இரண்டு தட்டுத் தட்டினால் முந்தைய படி. தொட்டு உடனே விலகினால் அது ஆள். ஒட்டியே கிடந்தால் அது மாவு.

மாமா வீட்டுக்கு வந்தபோது, அதைச் சோதித்துப் பார்க்க அப்பா முழங்கையெல்லாம் மாவோடு நின்றிருந்தார்.

"மாப்பிள்ளை, நீங்களுமா?" என்ற மாமா டேப்லெட்டைப் பார்த்தார். "ஒரே ஒரு பட்டன்தான் இருக்கு."

"ஆமா."

"ஆறு மாசத்துக்கு ஒரு பட்டன்."

அம்மா குனிந்து மூக்கால் தொட்டுக் காட்டினாள். டிங்.

"உங்க மாஸ்டருக்குச் சளி பிடிச்சா?"

"லீவு போடுவார்."

மாமா சிரிக்கவில்லை. "திங்கக்கிழமைக்கு உனக்கு சீட் ஒதுக்கச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அம்மா புதியதைப் போட்டுக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை ஃபோன் வரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. பழைய ஆபீஸ் பையை இறக்கித் தூசி தட்டி வைத்தாள். ஞாயிறு காலை பொறுக்க முடியாமல் பேக்கரிக்கே போனாள்.

மாஸ்டர் நிமிரவில்லை. மாவை உருட்டியபடியே முழங்கையால் திரையைத் தட்டினார். டிங். அடுத்த தட்டை இழுத்தார். டிங்.

"மாஸ்டர், ஒரு ஃபோன்கூடப் பண்ணலையே."

"எதுக்குப் பண்ணணும்? கெட்டுப்போனாதானே பண்ணணும்." அடுத்த உருண்டையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "கேக் போடுறவனுக்கும் ஒண்ணு செஞ்சு கொடு. அவன் மூக்கு என்னுதைவிடப் பெருசு."

அம்மா அங்கிருந்தே மாமாவைக் கூப்பிட்டாள். "அண்ணா, நாளைக்கு நான் வரல. கேக் வேலை இருக்கு."

மாமா, "அங்க பன் நல்லாருந்தா நாலு வாங்கிட்டு வா" என்றாராம்.

அதன் பிறகு அம்மா எந்த ஆபீஸுக்கும் போகவில்லை. சாப்பாட்டு மேசையில் ஜன்னல் பக்கத்துப் பாதி அவளுடையது. லேப்டாப், வயர்கள், மெதுவாக ஓடும் பழைய டேப்லெட்டுகள். மறு பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு மூன்று பேரும் சாப்பிடுவோம். எப்போது கேட்டாலும் "இதோ முடிஞ்சுது" என்பாள். முடிந்திருக்காது. சந்தோஷமாக இருந்தாள்.

அப்பாவும் நானும் இப்போதும் மறு பாதியில்தான் சாப்பிடுகிறோம்.